நாலு வழி இருக்கே, அப்புறம் என்ன?

ராத்திரி ரெண்டரை மணிக்குப் போன் அடித்தால் எங்கள் வீட்டில் முதலில் எழுந்து உட்காருவது தங்கமணிதான். ஊரிலிருந்து என்றால் அவருக்கு வயிறு கலங்கும். ஆபீஸ் என்றால் எனக்கு.

போன மாதம் வந்தது ஆபீஸ் போன். ஒரு லினக்ஸ் சர்வர், ஸ்டோரேஜ் இணைப்பில் 'ஹை அவைலபிலிட்டி இல்லை' என்று எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது, யாரும் புகார் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் பையன் பயந்துபோய்க் கூப்பிட்டுவிட்டான். "எல்லாம் ஓடுதுல்ல, அப்புறம் எதுக்குங்க எழுப்பறாங்க?" என்றார் தங்கமணி. அதே கேள்வியை மறுநாள் மேனேஜரும் கேட்டார், கொஞ்சம் மரியாதை குறைவாக. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

நம்ம தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பெரிய சர்வர்களில் தகவல் அதற்குள்ளேயே இருப்பதில்லை. தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும், நடுவே ஃபைபர் கேபிள். ஒரு கேபிள் போனால் வேலை நிற்கக்கூடாது என்று சர்வரில் ரெண்டு கார்டு, நடுவில் ரெண்டு ஸ்விட்ச், பெட்டியில் ரெண்டு கன்ட்ரோலர் வைப்பார்கள். ஒரே டிஸ்க்குக்குப் போக நாலு வழி, எட்டு வழி கிடைக்கும். அத்தனை வழியையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டுவதுதான் மல்டிபாத்.

இப்போது எங்கள் பேட்டைக்கு வாருங்கள். நான் இருப்பது சுனாபட்டி. (பேருக்கு அர்த்தம் சுண்ணாம்புக் காளவாய். ஜூலை மாதத்தில் தண்ணீர்த்தொட்டி என்றால் பொருத்தமாக இருக்கும்!) இங்கிருந்து குர்லா போக ஹார்பர் லைன் இருக்கிறது. அது நின்றால் சயான் போய் சென்ட்ரல் லைன் பிடிக்கலாம். ஆக ரெண்டு வழி. ஆனால் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தை முக்கும் அதே மழைதான் சுனாபட்டியையும் முக்குகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது ரெண்டு லைனும்தான் நின்றது. மேப்பில் ரெண்டு, தண்ணீருக்கு ஒன்று.

அந்த சர்வரிலும் இதே கதை. மல்டிபாத் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நாலு வழி, நாலுமே 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்'. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் எதிரே முக்காற்புள்ளி போட்டு நாலு எண்கள் இருக்கும். முதல் எண் சர்வர் பக்கத்துப் போர்ட்டைக் குறிக்கும். நாலு வரியிலும் முதல் எண் ஒன்றேதான்! இரண்டாவது கார்டின் போர்ட் 'லிங்க்டவுன்'. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு, அந்த நாலும் ஒரே கார்டு, ஒரே கேபிள், ஒரே ஸ்விட்ச் வழியாக. ரேக்கை இடம் மாற்றிய அன்று கழற்றிய கேபிளை யாரும் திரும்பச் செருகவே இல்லை.

மூன்று மாதமாக எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வேலை ஓடுகிறதே என்று யாரோ அந்த மெயிலை அமுக்கி வைத்திருக்கிறார்கள். மானிட்டரிங் சாஃப்ட்வேரை மாற்றியதும் அமுக்கலும் போய்விட்டது. பையன் மாட்டிக்கொண்டான்.

"ஓடுறதைத் தொடாதே" என்றார் மேனேஜர். இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீதமிருந்த அந்த ஒரு கேபிளும் போயிருந்தால் எங்கள் செட்டிங்கில் சர்வர் விழக்கூட விழாது. வழி திரும்ப வரும் என்று எல்லா வேலையையும் வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். பிங் பண்ணினால் பதில் வரும், டேட்டாபேஸ் அசையாது. செத்தும் சாகாத நிலை. தொலைவில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

'இதெல்லாம் சின்ன கம்பெனி கூத்து' என்பவர்கள் 2021 பிப்ரவரி 24-ஐ நினைத்துப் பாருங்கள். 2019 நவம்பரில் திறந்த மேம்பாலத்தில் ஏறினால் எங்கள் பேட்டையிலிருந்து பி.கே.சி. சில நிமிடம்தான். தேசிய பங்குச் சந்தையின் தலைமையகம் அங்கேதான். அன்று காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. மாலை 3.45-க்குத் திரும்ப ஆரம்பித்து 5 மணி வரை ஓட்டினார்கள். முதன்மை மையத்துக்கும் அருகிலுள்ள மாற்று மையத்துக்கும் நடுவே ரெண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. ரெண்டிலுமே கோளாறு. வழியில் ரோடு தோண்டும் வேலை, கட்டுமான வேலை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. லிங்க் போனாலும் ஓட வேண்டிய ஸ்டோரேஜ் எதிர்பாராமல் முடங்கி, சர்வர்களுக்கு எட்டாமல் போனதுதான் வினை. 2023-இல் செபியிடம் இதை சமரசமாக முடிக்க 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டும்படி ஆயிற்று. ரெண்டு கம்பெனிக்குப் பணம் கட்டியவர்கள் ரெண்டு ரோடு கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் கரண்ட் போய் லோக்கல் ரயில்கள் நின்றதும் நினைவிருக்கும். கல்வா-பட்கா லைனில் ஒரு சர்க்யூட் பராமரிப்பில் இருந்தது, சுமை முழுக்க இன்னொன்றின் மேல், அதுவும் போனது என்றார் அப்போதைய மின்துறை அமைச்சர். (சைபர் தாக்குதல் என்ற பேச்சும் பிறகு வந்தது. அது வேறு பஞ்சாயத்து.) எங்கள் சர்வர் மூன்று மாதம் அந்த நிலையில்தான் ஓடியது.

மேனேஜரிடம் மூன்று நாள் மல்லுக்கட்டி சனிக்கிழமை ராத்திரிக்கு அனுமதி வாங்கினேன். சர்வரை நிறுத்தவே தேவையில்லை. இரண்டாவது கேபிளை மற்ற ஸ்விட்சில் செருகி, ஸ்கேன் விட்டதும் எட்டு வழி வந்தது. அதோடு விட மனசு வரவில்லை. டேட்டா சென்டர் பையனிடம், "தம்பி, முதல் கேபிளை இப்ப உருவு" என்றேன். மேனேஜரும் லைனில்தான் இருந்தார், மூச்சு விடும் சத்தம் கேட்டது :-) நாலு வழி 'ஃபால்ட்டி' ஆனது. டேட்டாபேஸ் ஒரு சின்ன தயக்கம் காட்டிவிட்டு ஓடியது. உருவிப் பார்க்காத மாற்று வழியை நான் வழிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பி.கு: இதைப் படித்துவிட்டு தங்கமணி கேட்டது: "ஊர்ல அத்தைக்கு ரெண்டு போன் வாங்கிக் கொடுத்தீங்களே, ரெண்டும் ஒரே கம்பெனி சிம்மா?" ஆமாம். இப்போதைக்கு எதிர்வீட்டு அக்கா நம்பரை வாங்கி வைத்திருக்கிறோம், அவங்க சிம் வேற கம்பெனி. "டவரும் வேறயா?"ன்னு கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க.