புறப்படுமுன் சக்கரத்தையும் பாருங்கள்!



கல்லூரித் தேர்வுகள் முடிந்து விடுமுறை பிறந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே வேண்டுகோள் எழுவதைக் காண்கிறோம். "நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போய் வருகிறேன், அப்பா" என்கிறான் மகன். தாய் அஞ்சுகிறாள், தந்தை சினக்கிறார். முடிவில் இரண்டில் ஒன்று நடக்கிறது. அனுமதி மறுக்கப்பட்ட மகன் சொல்லாமலே போய்விடுகிறான். அல்லது அரைமனத்தோடு விடை கொடுத்தனுப்பிய தாய், அவன் திரும்பும்வரை செபமாலையும் கையுமாக உறக்கமின்றி இருக்கிறாள். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இத்திங்கள் சிந்திக்க விழைகிறோம்.

நெடும்பயணம் தன்னளவில் தீயதன்று. பேருந்தில் கண்ணயர்ந்தபடியே கடந்துவிடும் நாட்டை, மோட்டார் சைக்கிளில் செல்பவன் காற்றாலும் மணத்தாலும் குளிராலும் அறிந்துகொள்கிறான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்ச் சாலையை எண்ணிப் பாருங்கள். ஆழியாறு அணையைக் கடந்ததும் மலை எழுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 40. 9ஆவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால், ஏறிவந்த பாதையும் அணையின் நீர்ப்பரப்பும் காலடியில் விரிந்து கிடக்கின்றன. பாறைச் சரிவுகளில் வரையாடுகளைக் காணும் பேறும் சிலருக்கு வாய்க்கிறது. மேலே செல்லச் செல்ல வெயில் தணிந்து, தேயிலைத் தோட்டங்களும் மூடுபனியும் எதிர்கொள்கின்றன.

இதற்கு முற்றிலும் மாறான அழகுடையது தூத்துக்குடியிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் சாலை. உப்பளங்களும் பனைமரங்களும் வழித்துணையாக வருகின்றன. திருச்செந்தூரைக் கடந்தால் மணப்பாடு. அங்கே கடலை நோக்கிய மணற்குன்றின்மீது திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1542ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும் அருகிலேயே உள்ளது. அப்பால் உவரி, அதற்கும் அப்பால் கன்னியாகுமரி. இவற்றைக் காண விரும்பும் இளைஞனைக் குற்றவாளியைப்போல் நடத்துவது முறையாகாது. ஆனால் அவன் எதன்மீது ஏறிச் செல்கிறான் என்று கேட்பது பெற்றோரின் கடமை.

ஒரு தந்தையின் பரிவு

காற்றடைத்த சக்கரம் நமக்குக் கிடைத்ததே ஒரு தந்தையின் பரிவால்தான். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கரடான தரையில் அதிர்ந்து ஓடுவதைக் கண்டார். இரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். வண்டி மென்மையாக ஓடிற்று. 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இராபர்ட் தாம்சன் என்பவர் இதே எண்ணத்துக்கு 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. எனினும் உலகெங்கும் காற்றுச் சக்கரம் பரவியது டன்லப்பின் முயற்சிக்குப் பின்னரே. மகன் ஏறும் வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார் அத்தந்தை. நம்மில் எத்தனை பேர் அவ்வாறு குனிந்து பார்க்கிறோம்?

ஓடும் மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். இரண்டு உள்ளங்கை அளவு இரப்பரே இரு உயிர்களைத் தாங்குகிறது. பிரேக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும், ஓட்டுபவன் எவ்வளவு தேர்ந்தவனாயினும், அந்த இரப்பர் சாலையைப் பற்றாவிடில் பயனில்லை.

சமவெளியும் மலையும்

சமவெளிச் சாலையில் டயருக்குப் பெரும்பகை வெப்பம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலே உள்ளுக்குள் சூட்டை வளர்க்கிறது. மேலே சுமை, கீழே கொதிக்கும் தார்ச்சாலை, இடைவிடாத வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் உள்ளிழைகள் தளர்ந்து டயர் திடீரென வெடிக்கக்கூடும். ஆகவே புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பார்க்க வேண்டும். வண்டியோடு தரப்படும் கையேட்டில், ஒருவர் செல்வதற்கும் இருவர் செல்வதற்கும் உரிய அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் இயல்பாகவே கூடும். அதைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிடுவது பெருந்தவறு. டயர் குளிர்ந்தபின் காற்று குறைவாகிவிடும்.

மலையில் நிலைமை வேறு. வளைவுகளில் வண்டி சாயும்போது டயரின் நடுப்பகுதி விலகி, ஓரப்பகுதி சாலையைத் தொடுகிறது. இங்கேதான் பலர் அறியாத ஆபத்து ஒன்று ஒளிந்துள்ளது. நாள்தோறும் நேர்ச்சாலையில் கல்லூரிக்கும் வேலைக்கும் ஓடிய வண்டியின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரத்தில் பட்டன் புதிதுபோலவே இருக்கும். பக்கத்திலிருந்து பார்ப்பவர் "டயர் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். அந்த டயரோடு மலையேறினால், வளைவில் வண்டி சீராகச் சாயாது. தட்டையான நடுப்பகுதியிலிருந்து ஓரத்துக்குச் சட்டென விழுவதுபோல் தடுமாறும். நேர்ச்சாலையில் குறை காட்டாத டயர், கொண்டை ஊசி வளைவில் தன் குறையைக் காட்டும். ஆதலால் வண்டியின் பின்னால் குனிந்து நின்று, டயரின் மேற்புறம் உருண்டையாக உள்ளதா, தட்டையாக உள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைநீரை ஒதுக்கித் தள்ளி, இரப்பர் தரையைத் தொட வழி செய்பவை அவையே. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் சில இருக்கும். தேய்ந்த பட்டன் அம்மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மொட்டையான டயர் ஈரச்சாலையில் நீரின்மீதே வழுக்கிச் செல்லும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையின் எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து, வழுக்கலை மேலும் கூட்டும்.

டயரின் வயதையும் அறியலாம். அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் இரப்பர் முதுமை எய்துகிறது. பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றியிருப்பின், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அதை நம்பி நெடுந்தொலைவு செல்லலாகாது. புது டயர் மாட்டிய அன்றே மலையேறுவதும் தகாது. அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்குமாதலால், முதல் 100 கிலோமீட்டரையாவது நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

வீட்டு வாசலில் செய்ய வேண்டியது

வண்டிக்கு வண்ண விளக்கும், பேரொலி எழுப்பும் சைலன்சரும் வாங்கப் பணமிருக்கிறது. டயர் மாற்ற மட்டும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறோம். இது இளைஞர்களின் குறை மட்டுமா? கணவன், மனைவி, முன்னே ஒரு பிள்ளை, நடுவே ஒரு பிள்ளை, கையில் ஒரு பை என ஒரே வண்டியில் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பங்களும் சிந்திக்க வேண்டும். அவ்வண்டி இருவருக்காகச் செய்யப்பட்டது. அதன் டயரும் அவ்வாறே. தந்தை அதன்மீது நால்வரை ஏற்றுவதைக் கண்டு வளரும் மகனுக்கு, பின்னாளில் நாம் கூறும் அறிவுரை எவ்வாறு செவியேறும்?

எனவே பெற்றோரே, மகன் பயணம் போக வேண்டுமென்று கேட்கும்போது முதலில் வாசலுக்கு வாருங்கள். அவனோடு சேர்ந்து சக்கரத்தை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஆணியோ கண்ணாடித் துண்டோ ஏறியிருக்கிறதா, பக்கச்சுவர் புடைத்திருக்கிறதா, வால்வுக்கு மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டுநர் உரிமமும் இருவருக்கும் தலைக்கவசமும் உண்டா என்றும் உறுதி செய்யுங்கள். டயர் தேய்ந்திருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். கூடுமானால் பாதிச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி இளைப்பாறுங்கள்; அப்போது டயரையும் ஒரு பார்வை பாருங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வாருங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். காட்டு வழியில் அந்தி சாயுமுன் இறங்கிவிடுங்கள். சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

அச்சத்தால் பிள்ளையைக் கட்டிவைப்பதும் அக்கறையின்றி அவிழ்த்துவிடுவதும் எளிது. அவனருகே குனிந்து அமர்ந்து சக்கரத்தைச் சோதிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். அந்தக் கால்மணி நேரத்தில் அவன் கற்றுக்கொள்வது டயரைப் பற்றி மட்டுமன்று. தன் உயிர் இவ்வீட்டில் எவ்வளவு அருமையானது என்பதையும் அவன் அறிந்துகொள்வான். அதை அறிந்தவன் வளைவில் தானாகவே வேகத்தைக் குறைப்பான்.