மெழுகு காத்திருக்காது

மனித உருவம் வரையச் சொன்னால் பிள்ளைகள் முதலில் ரப்பரைத்தான் தேடுகிறார்கள். கண் கோணலாகிவிட்டது, மூக்கு பெரிதாகிவிட்டது என்று அழித்து அழித்தே தாள் நைந்துபோகிறது. சேத்தியாத்தோப்பு வட்டாரப் பள்ளிகளில், துணியில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் பாடிக் (batik) கலையைக் கற்றுக்கொடுங்கள் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான். பாடிக்கில் அழிக்க வழியில்லை.

உருகிய மெழுகில் தூரிகையைத் தோய்த்து எடுத்த கணமே அது ஆறத் தொடங்கிவிடும். ஆறிய மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலாகவே உட்கார்ந்துகொள்ளும். சாயம் அடியில் புகுந்துவிடும். அதனால் கை தயங்காமல் இழுத்தாக வேண்டும். வெள்ளாற்றுப் பாசன வயலில் நடவு நடும் பெண்ணை அப்படி வரையும் மாணவிக்கு இமைக்கும் விரலுக்கும் நேரம் கிடைக்காது. குனிந்த முதுகு ஒரு வளைவு, தொங்கும் கை ஒரு கோடு, தலையில் கட்டிய துண்டு ஒரு திட்டு. அரூப ஓவியம் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை, வேண்டாததை மெழுகே தள்ளிவிடுகிறது.

அடுத்தது நிறம். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி மஞ்சளில் முக்க வேண்டும். பிறகு மஞ்சளை மூடிச் சிவப்பு, கடைசியில் கருநீலம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும். உடலை ஒளியும் நிழலுமாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. மெழுகில் பாரபின் கூடினால் சாயம் இறங்கும் விரிசல் அதிகம் விழும், தேன்மெழுகு சேர்த்தால் குறையும். உருவத்தின் மேல் எவ்வளவு விரிசல் ஓடலாம் என்பதை மாணவரே தீர்மானிக்கட்டும்.

"அது கைத்தொழில்தானே, ஓவியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நிலம் வாங்கப் பணம் தந்தது அவர்கள் செய்து விற்ற பாடிக் உள்ளிட்ட கைவினைப் பொருள்கள்தான். தமிழ்நாட்டு நவீன ஓவியத்துக்கு இருக்க இடம் கொடுத்த தொழிலை நம் ஓவிய வகுப்புகள் ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

தொடங்குவது எளிது. கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி, குளிர்ந்த நீரில் கரையும் சாயம், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு மெழுகுப் பாத்திரம் போதும். அடுப்பருகே ஆசிரியர் நிற்க வேண்டும். முதல் வகுப்பில் முகம் வேண்டாம், முதுகிலிருந்து தொடங்குங்கள்.