பந்து பெண்ணுக்கு ஆகாதோ?

2023ஆம் ஆண்டு யூலை 20ஆம் நாள் தொடங்கி ஓகஸ்ட் 3ஆம் நாள் வரை, அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த உலக மகளிர் உதைபந்தாட்டப் போட்டியின் குழுச் சுற்றைத் திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் பலர் ஆவலோடு பின்தொடர்ந்தனர். சிட்னியின் கடிகாரம் நமது கடிகாரத்துக்கு நாலரை மணி முந்தியது. ஆதலால் ஆட்டங்களிற் பல நமக்குக் காலையிலும் பிற்பகலிலும் அமைந்தன. அலுவலகத்து மதிய இடைவேளையிலும், மீன் ஏலம் முடிந்த தேநீர்க் கடையிலும், சிறுபோக வயலின் காவற் கொட்டிலிலும் கைப்பேசியைச் சுற்றிக் கூடியவர்களை நாம் கண்டோம். அவர்களுள் ஒருவராய் நின்று நாமும் ஆரவாரித்தோம்.

ஆனால், அன்று ஆரவாரித்த அதே வாய்கள் வீடு திரும்பியதும் சொல்லியது என்ன? “பெண்பிள்ளைக்குப் பந்து எதற்கு?” மொறொக்கோ நாட்டுத் தந்தையின் மகள் ஆடலாம், நமது மகள் ஆடலாகாது! இந்த இரட்டை நாக்கைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகின்றோம்.

குழுச் சுற்று நமக்குக் கற்பித்த பாடத்தை முதலில் நினைவுகூர்வோம். முப்பத்திரண்டு நாடுகள், நான்கு நான்காக எட்டுக் குழுக்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றே ஆட்டங்கள். முதலிரு இடத்தவர் மேலே செல்வர்; ஏனையோர் வீடு திரும்புவர். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் நின்ற ஜேர்மனி, எழுபத்திரண்டாம் இடத்தில் நின்ற மொறொக்கோவை ஆறுக்குச் சுழியம் என்று நொறுக்கியது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எண்ணினர். மொறொக்கோப் பெண்களோ அடுத்துத் தென்கொரியாவை ஒரு கோலால் வென்றனர். அதற்கடுத்துக் கொலம்பியாவையும் ஒரு கோலால் வென்றனர். ஓகஸ்ட் 3ஆம் நாள், நமது நேரப்படி பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கிய அந்த இறுதி ஆட்டம் முடிந்த பின்னரும் அவர்கள் மைதானத்தை விட்டு அகலவில்லை. வேறொரு நகரில் இன்னும் நடந்துகொண்டிருந்த ஜேர்மனி - தென்கொரியா ஆட்டத்தைக் கைப்பேசியிற் பார்த்தபடி தோளோடு தோள் சேர்ந்து நின்றனர். அது சமநிலையில் முடிந்தது. எட்டுக் கோல் அடித்த ஜேர்மனி வீடு சென்றது. இரண்டே கோல் அடித்த மொறொக்கோ மேலே சென்றது. உலகக் கிண்ண மகளிர் போட்டியில் முதன்முதல் கால் வைத்த அரபு நாடு அது!

ஜமெய்க்காவின் கதையும் அத்தகையதே. பணமில்லை என்று ஒரு காலத்திற் கலைக்கப்பட்ட அணி அது. 2023இல் ஆட்டக்காரி ஒருத்தியின் தாயார் பொதுமக்களிடம் நிதி திரட்டியே அணிக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது. அந்த அணி பிரான்சையும் பிரேசிலையும் கோலின்றித் தடுத்து, பனாமாவை வென்று, மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்காமல் அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது.

இவை அதிர்ஷ்டம் என்று சொல்வோருக்கு விடை கூறுகின்றோம். விதைக்காத வயலில் எந்த அதிர்ஷ்டமும் விளைவதில்லை என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மொறொக்கோ தன் மகளிர் போட்டிகளைத் தொழில்முறைக்கு உயர்த்திப் பணமும் பயிற்சியும் கொடுத்தது. அயலில் உள்ள பங்களாதேஷைப் பாருங்கள். அங்கே ஆரம்பப் பாடசாலைச் சிறுமியருக்கென நாடளாவிய போட்டி ஒன்று 2011இல் தொடங்கப்பட்டது. மைமன்சிங் மாவட்டத்துக் கல்சிந்தூர் என்னும் சிற்றூர்ப் பள்ளிக்கூடம் தேசிய அணிக்கே ஆட்டக்காரிகளை அனுப்பியது. 2022இலும் 2024இலும் தெற்காசியக் கிண்ணம் பங்களாதேஷுக்கே போயிற்று. 2025இல் ஆசியக் கிண்ணப் போட்டிக்கும் அது முதன்முறையாகத் தகுதி பெற்றது. அந்த இரு தெற்காசியப் போட்டிகளிலும் இலங்கை குழுச் சுற்றைத் தாண்டவில்லை.

இனி, நம் நாட்டு உதைபந்தாட்டத்தை ஆள்வோரின் சிறப்பைச் சொல்கின்றோம். வெளியார் தலையீடு என்ற காரணங்காட்டி உலகச் சம்மேளனமாகிய ஃபீஃபா, இலங்கைச் சம்மேளனத்தை 2023 ஜனவரி 21ஆம் நாள் இடைநிறுத்தியது. தடை ஓகஸ்ட் பிற்பகுதி வரை நீங்கவில்லை. முப்பத்திரண்டு நாட்டுப் பெண்கள் உலகக் கிண்ணத்துக்கு ஆடிய அத்தனை நாட்களிலும் இந்நாட்டுக்குச் சர்வதேச மைதானத்தின் கதவே சாத்தப்பட்டிருந்தது. நாற்காலிக்காகப் பெரியவர்கள் சண்டையிட்டனர். தண்டனையோ சண்டையில் எப்பங்கும் இல்லாத பிள்ளைகளுக்கு!

கொழும்பைக் குறை கூறிவிட்டு நாம் கைகழுவிக் கொள்ளலாமா? கூடாது. உள்ளூர் மைதானங்களை மாலைதோறும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்துவைத்தது கொழும்பன்று. பந்தாடும் மகளை வேலிக்கு இப்பாலிருந்து பழித்தது கொழும்பன்று. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் மகனை மைதானத்துக்கும் மகளை ரியூசனுக்கும் அனுப்பியது கொழும்பன்று. இவையெல்லாம் நாமே செய்தவை.

“நமது பண்பாட்டுக்கு ஒவ்வாது” என்பார் ஒரு சாரார். இந்தப் ‘பண்பாடு’ எங்கே பிறந்தது என்று அவர்கள் அறிவார்களா? 1920ஆம் ஆண்டு நத்தார் மறுநாள் லிவர்பூல் நகரில் நடந்த மகளிர் ஆட்டமொன்றைக் காண ஐம்பத்து மூவாயிரம் பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாளே ஆங்கிலேய உதைபந்தாட்டச் சங்கம், இவ்விளையாட்டு மாதருக்கு ஏற்றதன்று எனக் கூறித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடிற்று. அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை விட்டுப் போயிற்று. தடை விதித்த ஆங்கிலேயரே அதை எறிந்துவிட்டனர். அவர்கள் எறிந்த பழந்துணியை எடுத்து உடுத்துக்கொண்டு, இது நம் முன்னோர் நெய்த பட்டு என்று நாம் பெருமை பேசுவதா?

வெயில் ஆகாது என்பார் இன்னொரு சாரார். தம்பலகாமத்து வயலில் களை பிடுங்கும் பெண்ணுக்கும், கரையில் கருவாடு உலர்த்தும் பெண்ணுக்கும் ஆகும் வெயில், பந்தாடும் பெண்ணுக்கு மட்டும் ஆகாது போகுமோ? உடை தடையென்பார் பிறிதொரு சாரார். தலையை மூடி ஆடுவதற்கு ஃபீஃபா 2014இலேயே அனுமதி அளித்துவிட்டது. மொறொக்கோவின் நுஹைலா பென்சினா 2023இல் தலையை மூடியவாறே உலகக் கிண்ணத்தில் ஆடினார். மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி போதாதா?

தமிழ்ப் பெண் ஆடமாட்டாள் என்பதும் பொய். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் பாடசாலைப் போட்டிகளில் நாடளாவிய வெற்றிகளை ஈட்டியுள்ளனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நமது கரையை அழித்த அதே நாளில் தமிழ்நாட்டுக் கடலூரையும் அழித்தது. அந்தக் கடலூரிலிருந்து எழுந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டு மகளிர் தேசிய வாகை சூடினர். ஒரே கடல், ஒரே மொழி, ஒரே பேரிடர். அக்கரையில் முளைத்தது இக்கரையில் ஏன் முளைக்கவில்லை?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கிழக்கு மாகாண ஆட்சியின் தலைமையிடம் இந்நகரிலேயே இருக்கின்றது; அதன் விளையாட்டுத் திணைக்களமும் உள்ளூராட்சி மன்றங்களும் பொது மைதானங்களில் வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கி, அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆரம்பப் பாடசாலைகளிலிருந்தே சிறுமியர் போட்டியைத் தொடங்கி, கந்தளாய் முதல் குச்சவெளி வரை மூவினப் பிள்ளைகளையும் அதிற் சேர்க்க வேண்டும். அவர்களுக்குச் சப்பாத்தும், பெண் பயிற்சியாளரும், இருட்டுமுன் வீடு சேர்க்கும் வாகனமும் வேண்டும். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை, மனம் தேவை. வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் கழகங்களின் நிர்வாகக் குழுக்களில் இருக்கின்றீர்கள். விவசாய சம்மேளனங்களில் உழவர்கள் இருக்கின்றீர்கள். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர உங்களைத் தடுப்பவர் எவர்?

அடுத்த உலக மகளிர் கிண்ணம் 2027இல் பிரேசிலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அப்போதும் நாம் கைப்பேசியைச் சுற்றிக் கூடுவோம், அதிற் குற்றமில்லை. ஆனால், அந்த ஆட்டத்தைப் பார்த்து முடித்த மகள் எழுந்து, “அப்பா, நான் மைதானத்துக்குப் போய்வரட்டுமா?” என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நாம் சொல்லப்போகும் விடை என்ன? ஆறு கோல் வாங்கியும் மொறொக்கோப் பெண்கள் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கினார்கள். நம் பெண்களோ முதல் ஆட்டத்துக்கே இறக்கப்படவில்லை. தோல்வி அவர்களுடையதன்று, நம்முடையது!