நிலைக்காலின் அடி

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணி மலையடிவாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் வாசல் நிலைக்கு வண்ணம் பூசுவது வழக்கம். காவடியுடன் வரும் உறவினர் இளைப்பாறுவது திண்ணையில்தானே! ஆயினும், வண்ணக்காரரை அழைக்குமுன் பெரியவர்கள் ஒருமுறை மரத்தைச் சோதித்துவிடுவது நல்லது.

மரம் முதலில் கெடுவது நீர் தேங்கும் இடத்தில்தான். நாள்தோறும் வாசல் தெளிக்கும் நீர் நிலைக்காலின் அடியை நனைக்கிறது. மஞ்சள் குங்குமம் இடுவதற்காக ஈரத்துணியால் துடைப்பதும் அங்கேயே. மாவிலைத் தோரணத்துக்கு அடித்த பழைய ஆணித்துளைகள் வழியாகச் சாரல் உள்ளே இறங்குகிறது. மேலே, இறவாரத்தில் நீட்டியிருக்கும் கைமரங்களின் நுனி ஒவ்வோர் ஐப்பசி மழையிலும் ஊறுகிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சைக்கு அது போதும்.

வண்ணம் கொப்புளித்திருந்தாலோ, தட்டும்போது மந்தமாக ஒலித்தாலோ சந்தேகம் கொள்ளவேண்டும். திருப்புளியின் முனையை மரத்தில் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். வைரம் பாய்ந்த மரம் முனையை உள்ளே விடாது. மக்கிய மரமோ ரொட்டித்துண்டுபோல் இடங்கொடுக்கும். மண்பூச்சுக் கோடுகள் தெரிந்தால் கரையான், மாவுபோல் தூள் உதிர்ந்தால் உளுவண்டு. இவற்றுக்கு மருத்துவம் வேறு. கைமர நுனியைப் பார்க்க முதியவர்கள் தாமே ஏணி ஏறவேண்டா, தச்சரை ஏற்றுங்கள். அந்த நுனி இற்றால், அதன் மேலுள்ள ஓடுகள் திண்ணையில் அமர்ந்திருப்பவர் தலையில்தான் விழும்.

பலரும் தயங்குவது நிலையைப் பற்றித்தான். முன்னோர் பூசையிட்டு நிறுத்திய நிலையைப் பெயர்ப்பதா என்ற கலக்கம் நியாயமானதே. பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை. தேர்ந்த தச்சர் மேற்சுமைக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட அடிப்பகுதியை மட்டும் நல்ல மரம் தென்படும்வரை அறுத்தெடுப்பார். இரு முனைகளையும் பாதிக்குப் பாதி செதுக்கி, காய்ந்த தேக்குத் துண்டைப் பொருத்தி, மர முளை அடித்து இறுக்குவார். சிக்கனத்துக்காக அழுகலின் மேல் மக்கும் சிமெண்டும் அப்பி வண்ணம் பூசுவோர் உண்டு. அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். இரண்டொரு மழைக்காலத்தில் செலவு இரட்டிப்பாகும்.

பழைய திண்ணைத் தூண்களைக் கவனித்தவர் அறிவர்: மரம் தரையைத் தொடாது, கல் பீடத்தின் மேலேயே நிற்கும். புதிதாக ஒட்டிய நிலைக்காலுக்கும் அடியில் ஒரு கருங்கல் துண்டு வைக்கச் சொல்லுங்கள். தச்சு வேலை முடிந்து, மரம் நன்கு உலர்ந்தபின் அறுத்த முனைகளுக்கு இரண்டு கை கூடுதலாக வண்ணம் பூசவேண்டும். தோரணத்துக்கு இனி நிலையில் ஆணி வேண்டா. மேலே சுவரில் இரண்டு கொக்கிகள் போதும்.