தடுப்பூசி மறுத்து வேலை போனால் சொக்சோ பணம் கிடைக்குமா?

தடுப்பூசி போட்டுக்கொள்ள நிர்வாகம் உத்தரவிடுகிறது, தொழிலாளி மறுக்கிறார், வேலை போய்விடுகிறது. அவருக்கு வேலைக் காப்புறுதிப் பணம் கிடைக்குமா? கோவிட் காலத்தில் எழுந்த கேள்வி இது. அடுத்த நோய்த்தொற்று வந்தால் மீண்டும் எழும்.

நம் நாட்டில் 2021 நவம்பர் 1-க்குள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று கூட்டரசு அரசு ஊழியர்களுக்குக் கட்டளை பிறந்தது. தனியார் துறையில் அந்தந்த நிறுவனமே விதி வகுத்தது.

சொக்சோவின் கீழ் இயங்கும் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியில் தொடங்கியது. தொழிலாளியின் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். வேலை இழந்தவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரு மாதங்கள் 40, கடைசி இரு மாதங்கள் 30 விழுக்காடு கிடைக்கும். 2,000 வெள்ளி சம்பளக்காரர் ஆறு மாதத்துக்கும் தகுதி பெற்றால் மொத்தம் 5,400 வெள்ளி. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் இதை நம்பித்தான் ஓடும்.

ஆனால் தானாக வேலையை விட்டவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் இப்பணம் கிடையாது. சிக்கல் இங்கேதான். உத்தரவை மீறியது ஒழுங்கீனம் என்று நிர்வாகம் கடிதத்தில் எழுதிவிட்டால், மாதாமாதம் சந்தா கட்டியவரும் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

மற்ற நாடுகளிலும் இதற்கு ஒரே விடை இல்லை. இப்படி வேலை இழந்தோருக்குப் பொதுவாக உதவித்தொகை கிடைக்காது என்று 2021-இல் கனடா அரசு கூறியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் அயோவா, புளோரிடா, கன்சாஸ், டென்னசி மாநிலங்கள் அவர்களுக்கும் உதவித்தொகை உண்டு என்று சட்டம் இயற்றின.

தடுப்பூசி உயிர்காத்தது என்பதில் ஐயமில்லை. சக தொழிலாளிகளின் பாதுகாப்பும் முக்கியம். ஆனாலும் பயத்தாலோ உடல்நிலையாலோ ஊசிக்குத் தயங்கியவரையும், கம்பெனிப் பொருளைத் திருடியவரையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயமா? மனிதவள அமைச்சு இப்போதே இதைத் தெளிவுபடுத்துவது நல்லது.

அதுவரை நம் தொழிலாளர்கள் மூன்றை மனத்தில் வைக்க வேண்டும். முதலாவது, யார் வற்புறுத்தினாலும் விலகல் கடிதத்தில் கையெழுத்திடக் கூடாது. இரண்டாவது, ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தும்படி கேட்க வேண்டும். வேலைச் சட்டமே அதைச் சொல்கிறது. நீக்கக் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாவது, 60 நாள் கணக்கை மறக்கக் கூடாது. சொக்சோவில் விண்ணப்பிக்கவும் 60 நாள்தான், தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கவும் 60 நாள்தான். அங்கே சமரசம் ஏற்படாவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். நீக்கியது நியாயமே என்று அங்கு நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான்.

"பேசிப் பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தினால் இரண்டு கதவும் அடைபடும்.