வால் சங்கிலி காப்பாற்றாது

பள்ளி விடுமுறை வந்தால், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனம் எல்லாம் கொண்ட பெரிய வேன்களையும் பார்க்கலாம். இத்தகைய வண்டிகளுக்கென்று கடைகளில் ஒரு ரப்பர் வார் விற்கிறார்கள். பின்பக்கம் தொங்கவிட்டால் அது சாலையை உரசிக்கொண்டே வந்து நிலைமின்சாரத்தை மண்ணில் இறக்கிவிடும் என்பது நம்பிக்கை. சிலர் இரும்புச் சங்கிலியே தொங்கவிடுகிறார்கள். இதற்குச் செலவாகும் பணம் சிறிது. அது தரும் பொய்யான நிம்மதிதான் பெரிய ஆபத்து.

நிலைமின்சாரம் எப்படிச் சேர்கிறது என்பதைத் தேயிலை ஆலையே காட்டித்தரும். தூளிலிருந்து நாரையும் காம்பையும் பிரிக்கும் இயந்திரத்தில் பிவிசி உருளைகள் சுழலும். அவற்றைக் கம்பளித் துணி உரசிக்கொண்டிருக்கும். உரசலில் மின்னூட்டம் பெற்ற உருளை, அடியில் ஓடும் நார்களை மேலே இழுத்துக்கொள்ளும். காற்று மிகவும் ஈரமாகிவிட்டால் இந்த ஈர்ப்பு தளர்ந்துபோகும். உரசல், வறட்சி, மின்சாரம் கடத்தாத பொருள் ஆகிய மூன்றும் கூடினால் மின்னூட்டம் தங்கும். ஈரம் வந்தால் அது கசிந்துவிடும்.

இப்போது வேனுக்கு வருவோம். மூடுபனி தவழும் மலையில் வண்டியின் வெளிப்புறம் பெரும்பாலும் ஈரக்காற்றில்தான் இருக்கிறது. டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கரித்தூளும் மின்னூட்டத்தை மெல்லத் தரைக்குக் கடத்துகிறது. 1990களில் சிலிக்கா கலந்த டயர்கள் வந்தபோது இந்தக் கடத்தல் குறைந்தது. அதனால் தயாரிப்பாளர்கள் மின்சாரம் கடத்தும் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றை டயருக்குள்ளேயே வைத்தார்கள். வாரும் சங்கிலியும் இதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்வதில்லை. காய்ந்த தார்ச்சாலையே சரியாக மின்சாரம் கடத்தாதே! எண்ணெய் டாங்கர் லாரிகளிலும் ஒரு காலத்தில் சங்கிலி தொங்கியது. இன்று பெட்ரோலை ஏற்றி இறக்கும்போது கம்பியும் கவ்வியும் கொண்டு லாரியைக் குழாயோடு இணைப்பதையே நம்புகிறார்கள்.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஓட்டுநரின் உடம்பில். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வருகிறோம். செயற்கை இழை இருக்கையிலிருந்து பாலியஸ்டர் சட்டையோடு சறுக்கி இறங்கும்போது உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறிவிடலாம். ஏறத்தாழ 3,000 வோல்ட் தாண்டினால்தான் 'சுருக்'கென்று நமக்குத் தெரியும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளவோ கால் மில்லிஜூல் ஆற்றல் போதும். அதாவது, நாம் உணராத பொறியே தீ வைக்கப் போதுமானது. டீசல் சாதாரண வெப்பநிலையில் இவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் டீசல் வேன்காரர்களும் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்குகிறார்களே!

தமிழ்நாட்டில் பெட்ரோல் போடுவதற்கு ஊழியர் இருக்கிறார். இங்கே குழாயைப் பிடிப்பது நாமேதான். நம் பெட்ரோல் நிலையங்களில் கைப்பேசிக்கு எதிரான எச்சரிக்கை கண்ணில் படுகிறது. நிலைமின்சாரத்தைப் பற்றிய எச்சரிக்கை அந்த அளவுக்குப் படுவதில்லை. அமெரிக்காவின் பெட்ரோலியக் கருவிகள் நிறுவனம் எரிபொருள் நிரப்பும்போது நேர்ந்த தீவிபத்துகளைத் தொகுத்தது. நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் சந்தேகம் நிலைமின்சாரத்தின் மீதே விழுந்தது. கைப்பேசியால் நேர்ந்ததென்று உறுதியான ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. குழாயை டாங்கில் மாட்டிவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, திரும்பி வந்து குழாயைத் தொட்டபோது தீப்பிடித்தவை அவற்றில் பல.

தோட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கொழுந்து வெட்டும் இயந்திரத்துக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பெட்ரோல் கலனில்தான் போகிறது. அந்தக் கலனைப் பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மீதோ, வேனின் கம்பளத்தின் மீதோ வைத்தபடியே நிரப்பக் கூடாது. பாயும் பெட்ரோலே மின்னூட்டத்தை உண்டாக்கும். அடியில் பிளாஸ்டிக் இருந்தால் அது வெளியேற வழியில்லை. உலோகக் கலன் என்றால் மொத்த மின்னூட்டமும் ஒரே பொறியாகக் குதிக்கலாம்.

எனவே வாருக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்துங்கள். வண்டியை விட்டு இறங்கியதும், டாங்க் மூடியிலிருந்து விலகி, வண்டியின் உலோகப் பகுதியை வெறுங்கையால் தொடுங்கள். நிரப்பி முடியும்வரை உள்ளே ஏறாதீர்கள். கலனைத் தரையில் இறக்கி வைத்து, குழாயின் முனை கலனின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாக நிரப்புங்கள்.

பெட்ரோல் நிலையங்கள் இந்த நான்கு வரிகளையும் குழாயின் அருகிலேயே எழுதி வைக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் இவற்றைத் தமிழில் மட்டுமல்ல, இன்று மலையில் வேலை செய்யும் வங்காளதேசத்தவருக்கும் நேப்பாளிகளுக்கும் புரியும் மொழியிலும் சொல்லித்தர வேண்டும். ஒரு பலகைக்கு ஆகும் செலவு, தீக்காயத்துக்கு ஆகும் செலவின் அருகில்கூட வராது.