விமான நிலையத்திற்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீள்பவன், இனிச் செல்லவிருப்பவனை வழியிற் கண்டு, தான் அறிந்ததைச் சொல்லி அனுப்புவது அவற்றின் அமைப்பு. மலைபடுகடாம் நன்னனின் புகழைப் பாடுவதோடு நிற்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் என்று வழியின் இடர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. முன் சென்றவன் பின் வருபவனுக்குப் பட்ட கடன் அது.

அக்கடன் இன்று விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் தீர்க்கப்படாமல் நிற்கிறது என்பது நம் கருத்து. மகளின் பேறுகாலத்திற்காக முதன்முறை கடல் கடக்கும் தாய், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞர் ஆகியோர் அங்கே திகைத்து நிற்கிறார்கள். பின்னால் நிற்போர் உச்சுக்கொட்டுகிறார்கள். மாதக்கணக்கில் பக்குவம் பார்த்த ஊறுகாய் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. பொருள் போனதைவிட, பலர் முன் அறியாதவராக நிற்க நேர்ந்ததே அந்தத் தாயை வருத்துகிறது.

சோதனையையே மனித மாண்புக்கு இழுக்கு என்று எழுதுவது நம் இலக்கிய வட்டாரத்தில் ஒரு வழக்கம். அதில் நமக்கு உடன்பாடில்லை. 1984 ஆகஸ்டு 2 அன்று மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த இந்திய விமானம் கடத்தப்பட்டது. அதன் பின்னரே, 2000 முதல், நம் விமான நிலையங்களின் காவல் படிப்படியாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் சென்றது. காலணிக்குள் வெடிமருந்து வைத்து ஒருவர் விமானமேறியது 2001-இல். பானப் புட்டிகளில் வெடிமருந்து கொண்டு செல்லும் சதி இலண்டனில் வெளிப்பட்டது 2006-இல். திரவக் கட்டுப்பாடு அதன் விளைவு. 2011-இல் நியூயார்க்கில் அப்துல் கலாமின் மேலங்கியும் காலணியும் சோதிக்கப்பட்டன. அதற்கு அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. அவரோ அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆக, விதிகள் இருக்கட்டும். அவற்றைப் பயணிக்கு யார், எப்போது, எந்த மொழியில் சொல்வது என்பதே வினா.

அறிவிப்புப் பலகையில் தமிழ் இருந்தால் போதுமே என்பார்கள். போதாது. பலகையைப் படிக்கும் வேளையில் ஊறுகாய் ஏற்கெனவே கைப்பையில் இருக்கிறது. மேலும், ‘திரவம்’ என்ற சொல்லில் நெய்யும் தைலமும் ஊறுகாயும் பற்பசையும் அடங்கும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? வழிவது, குழைவது, பிசுபிசுப்பது யாவும் அதில் அடங்கும் என்று சொன்னால்தான் அது தமிழ். பன்னாட்டுப் பயணத்தில் இவை ஒவ்வொன்றும் 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத கலத்தில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். ஐரோப்பாவின் சில நிலையங்களில் புதிய கருவிகள் வந்தபின் இது தளர்ந்துள்ளது. அதை நம்பி இங்கே பெட்டி கட்டலாகாது. குழந்தைக்கான பாலுக்கும், மருத்துவச் சீட்டோடு கூடிய மருந்துக்கும் விலக்கு உண்டு.

பாக்குவெட்டியும் அரிவாள்மணையும் சரக்குப் பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு: தீப்பற்றக்கூடிய மின்கலம் ஆகையால் கைப்பையில் மட்டுமே வரவேண்டும். கொப்பரையைத் தவிர்ப்பது நலம். எண்ணெய்ச்சத்து மிகுந்த அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. வரிசையில் நிற்கும்போதே சாவி, சில்லறை, இடைவார் ஆகியவற்றைக் கழற்றிப் பைக்குள் இட்டுவிட்டால், தட்டின் முன் மடிக்கணினி, பவர் பேங்க், திரவப் பை போன்றவற்றை மட்டும் வெளியே எடுத்து வைத்தால் போதும். வெள்ளி அரைஞாணும் மெட்டியும் கருவியை ஒலிக்கச் செய்யலாம். அது குற்றச்சாட்டு ஆகாது, இன்னதென்று சொன்னால் போதும். பெண்களைத் திரை மறைவில் பெண் காவலரே சோதிப்பர். இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் மருத்துவ அட்டையைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. “அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்” என்று பிறர் தரும் பொட்டலத்தை, உள்ளே என்னவென்று அறியாமல் ஏற்கவே கூடாது. பெட்டி யாருடையதோ, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இரக்கத்தால் சுமந்தேன் என்ற விளக்கம் அயல்நாட்டுச் சிறையில் எடுபடாது.

விமான நிறுவனங்கள் பயணச்சீட்டோடு இவற்றைப் பேச்சுத்தமிழுக்கு நெருங்கிய நடையில் ஒரு பக்கம் அச்சிட்டுத் தரலாம். தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றுப்படையை இலக்கண வகையாக மனப்பாடம் செய்து தேர்வெழுதிய தலைமுறைகள் இங்கே உண்டு. அடுத்த வீட்டில் பெட்டி கட்டும் ஓசை கேட்டால், கற்றவர்கள் எழுந்து சென்று அருகே அமர்ந்து சொல்லட்டும். நன்னனின் மலைவழியில் கூத்தனுக்குக் கிடைத்த துணை, மீனம்பாக்கத்தில் ஒரு தாய்க்குக் கிடைக்காமற் போவானேன்?